பின்வருவோர்க்குக் கொடுத்த பந்து



விளையாட்டையும் கொடிய நோய் ஒன்றையும் ஒரே பேச்சில் இணைப்பது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆடுகளம் மகிழ்ச்சிக்குரிய இடம். மருத்துவமனை துன்பத்துக்குரிய இடம். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு பாலம் உண்டு. இங்கிலாந்து, வேல்ஸ், கனடா முதலிய நாடுகளில், வாரம் முழுவதும் வேறு வேலை பார்த்து, சனிக்கிழமைகளில் ஊதியமின்றி ரக்பி ஆடும் இளைஞர்கள், புற்றுநோய் அறக்கட்டளைகளுக்குப் பணம் திரட்டித் தருகிறார்கள். அவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள், அவ்வாறு திரண்ட பணம் என்ன செய்கிறது, அதிலிருந்து மாணவராகிய நீங்கள் கற்றுக்கொள்ளக்கூடியது யாது என்பனவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நம் நாட்டில் கால்பந்து எல்லாரும் அறிந்தது. ரக்பி அவ்வளவாக அறியப்படாதது. பக்கத்துக்குப் பதினைந்து பேர் ஆடுவர். பந்து உருண்டையாக இராது. முட்டை வடிவில் இருக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். எதிரணியினர் ஓடுகிறவனைக் கட்டிப்பிடித்துக் கீழே வீழ்த்தலாம். எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றினால் புள்ளி கிடைக்கும். இவ்வளவு முரட்டு ஆட்டத்தில் ஒரு நுட்பமான விதி இருக்கிறது. பந்தைக் காலால் முன்னே உதைக்கலாம். ஆனால் கையால் முன்னே எறியலாகாது. கையால் கொடுப்பதாயின் பக்கவாட்டில் வருபவனுக்கோ, தனக்குப் பின்னால் வருபவனுக்கோதான் கொடுக்க வேண்டும்.

இதை ஒருமுறை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். ஒருவன் பந்துடன் முன்னேறுகிறான். நால்வர் அவனைச் சூழ்ந்துகொள்கிறார்கள். இனி ஓர் அடிகூட அவனால் எடுத்து வைக்க முடியாது. வீழ்வதற்கு முந்திய கணத்தில் பந்தைத் தனக்குப் பின்னே வருகிறவனிடம் கொடுத்துவிடுகிறான். அவன் வீழ்கிறான், ஆனால் பந்து வீழவில்லை. பின்னே வந்தவன் அவனைக் கடந்து முன்னே செல்கிறான். முன்னேற விரும்பும் குழு, பந்தைப் பின்னோக்கிக் கொடுக்கக் கற்றிருக்க வேண்டும். இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் பேச்சின் சாரம் முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

ரக்பி என்பது இங்கிலாந்தில் வார்விக்ஷயர் வட்டாரத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். அவ்வூர்ப் பள்ளியில் 1823-ஆம் ஆண்டில் வில்லியம் வெப் எல்லிஸ் என்னும் மாணவன் கால்பந்து ஆடும்போது பந்தைக் கையிலெடுத்து ஓடினான். அதிலிருந்தே இவ்வாட்டம் பிறந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. அக்கதைக்கு உறுதியான சான்று இல்லை. ஆயினும் அப்பள்ளியில் வளர்ந்த ஆட்டமே இது என்பதில் ஐயமில்லை. 1871-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரக்பிக் கழகங்கள் ஒன்று சேர்ந்து ஒரு பேரவையை அமைத்தன. அதன் பின்னர் நூறாண்டுகளுக்கும் மேலாக, ஆடுகிறவன் ஆட்டத்துக்காக ஒரு காசும் வாங்கக்கூடாது என்பது அப்பேரவையின் மாறாத கொள்கையாக இருந்தது. அத்தகைய ஆட்டக்காரரை அமெச்சூர் என்கிறோம். நம் ஊர் அமெச்சூர் நாடகக் குழுக்களை நீங்கள் அறிவீர்கள். அன்பு செலுத்துதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேர்ச்சொல்லிலிருந்து பிறந்த சொல் இது. ஒரு செயலை அதன்பால் கொண்ட அன்பினாலேயே செய்பவர் அமெச்சூர்.

பணத்தின்பால் அந்தக் காலத்து ரக்பி ஆட்டக்காரர் கொண்டிருந்த மனநிலையை விளக்க, நம் நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியையே சொல்லலாம். 1872-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளன்று கல்கத்தாவில் அங்கு வாழ்ந்த ஆங்கிலேயர் ஒரு பக்கமும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாட்டவர் மறுபக்கமுமாக ஒரு ரக்பி ஆட்டம் ஆடினார்கள். அடுத்த ஆண்டில் கல்கத்தாக் கால்பந்துக் கழகம் என்ற பெயரில் ஒரு கழகம் தோன்றியது. நம் நாட்டு வெயில் இவ்வாட்டத்துக்கு ஒத்துவரவில்லை. உறுப்பினர் பலர் டென்னிஸ், போலோ போன்ற ஆட்டங்களை நாடிச் சென்றனர். சில ஆண்டுகளில் கழகம் கலைந்தது. ஆனால் வங்கியில் கழகத்தின் பணம் மிஞ்சியிருந்தது.

அப்பணத்தை என்ன செய்வது? உறுப்பினர் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டுக் கொண்டிருக்கலாம். எவரும் குறை கூறியிருக்க மாட்டார். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. பணத்தை வெள்ளி ரூபாய்களாகவே எடுத்தார்கள். 270 வெள்ளி நாணயங்களை உருக்கி, நம் நாட்டுக் கைவினைஞரைக் கொண்டு ஓர் அழகிய கோப்பை செய்வித்தார்கள். அதன் மூன்று கைப்பிடிகளும் மூன்று நாகங்கள். மூடியின்மேல் ஒரு யானை. அதை இங்கிலாந்தின் ரக்பிப் பேரவைக்கு அன்பளிப்பாக அனுப்பினார்கள். 1879-ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் கல்கத்தாக் கோப்பைக்காகவே ஆடி வருகின்றன. இது நோயாளிக்குச் சென்ற பணம் அன்று; உண்மை. ஆயினும், பொதுவில் சேர்ந்த பணம் தமக்குரியது அன்று, தமக்குப் பின் ஆட வருகிறவர்களுக்கு உரியது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. கழகம் வீழ்ந்தது, பந்து பின்னால் வருபவரிடம் போய்ச் சேர்ந்தது.

இக்கொள்கைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அதை மறைத்துச் சொல்வது ஆசிரியனுக்கு அழகன்று. வட இங்கிலாந்தின் யார்க்ஷயர், லங்காஷயர் பகுதிகளில் ரக்பி ஆடியவர்கள் பெரும்பாலும் ஆலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் ஆவர். சனிக்கிழமை ஆட்டத்துக்குச் சென்றால் அன்றைய கூலி போய்விடும். இழந்த கூலியை மட்டுமாவது ஈடு செய்யுங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். பேரவை மறுத்துவிட்டது. ஆகவே 1895-ஆம் ஆண்டில் வடபகுதிக் கழகங்கள் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் கூடித் தனி அமைப்பைத் தோற்றுவித்தன. இழந்த நாளுக்கு ஆறு ஷில்லிங் கொடுக்கலாம் என்பது அவர்கள் வகுத்த விதி. செல்வர்க்கு எளிதாகிய துறவு, கூலிக்காரனுக்குப் பட்டினி ஆகிவிடுகிறது. உழைப்புக்கு ஊதியம் கேட்பது இழிவன்று. 1995-ஆம் ஆண்டில் பேரவையின் உலக அமைப்பும் பழைய விதியைத் தளர்த்தி, ஊதியம் பெற்று ஆடலாம் என்று ஒப்புக்கொண்டது. அதன் பின்னும் சிற்றூர்க் கழகங்களில் ஆயிரக்கணக்கானோர் ஊதியமின்றியே ஆடுகின்றனர். முன்பு விதியினால் நேர்ந்த ஈகை இன்று விருப்பத்தினால் நிகழ்கிறது. விருப்பத்தினால் நிகழும் ஈகையே உயர்ந்தது.

இத்தகைய குழுவினர் புற்றுநோய்க்காகப் பணம் திரட்ட முற்படுவது எதனால்? பெரும்பாலும் காரணம் மிக எளியது. பதினைந்து பேர் கொண்ட குழுவில், அவர்தம் பெற்றோர், உடன்பிறந்தோர், மனைவி மக்கள், பழைய ஆட்டக்காரர் என்று எண்ணினால் ஒரு சிற்றூரே கூடிவிடும். அச்சிற்றூரில் எவருக்கேனும் இந்நோய் வந்திருக்கும். நேற்றுவரை உடன் ஆடிய தோழன் இன்று படுக்கையில் இருப்பான். மருத்துவம் செய்ய இவர்களுக்குத் தெரியாது. தெரிந்தது ஆட்டம் ஒன்றே. தெரிந்ததைக் கொண்டு உதவலாம் என்று புறப்படுகிறார்கள்.

அவர்கள் கையாளும் முறைகள் பல. பழைய ஆட்டக்காரரும் இளைஞரும் மோதும் ஆட்டம் ஒன்று வைத்து நுழைவுச் சீட்டு விற்பார்கள். புகழ்பெற்ற ஆட்டக்காரர் அணிந்த சட்டையை ஏலத்தில் விடுவார்கள். முத்திரையிட்ட உண்டியலுடன் களத்தைச் சுற்றி வருவார்கள். "நான் இத்தனை மைல் ஓடுகிறேன், மைலுக்கு இவ்வளவு தருகிறீரா?" என்று கேட்டு, ஓடி முடித்தபின் வசூலிப்பார்கள். வேடிக்கையான முறை ஒன்றும் உண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 2003-ஆம் ஆண்டில் முப்பது ஆடவர்கள் நவம்பர் மாதம் முழுவதும் மீசை வளர்ப்பது என்று விளையாட்டாகத் தொடங்கினார்கள். மறு ஆண்டில் அதையே ஆடவர்க்கு வரும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய்க்கான நன்கொடை இயக்கமாக மாற்றி, ஏறத்தாழ 54 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர் திரட்டினார்கள். இன்று பல நாடுகளில் ரக்பிக் குழுக்களும் நவம்பரில் மீசை வளர்க்கின்றன. மீசைக்குப் பெருமை பேசும் நம்மவர்க்கு இது புதுமையாக இருக்கலாம். வெட்கத்தால் வெளியே சொல்லப்படாத நோயைப் பற்றி ஆண்கள் வாய்திறந்து பேச ஒரு மீசை துணை செய்தது என்பதுதான் இதன் பயன்.

இங்கே ஒரு சிறு கணக்கு. பதினைந்து ஆட்டக்காரரும் ஆளுக்கு இருபது பேரிடம் செல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் ஐந்து பவுன் கொடுக்கிறார்கள். மொத்தம் 1,500 பவுன். தனி ஒருவன் இத்தொகையைத் திரட்ட முந்நூறு கதவுகளைத் தட்ட வேண்டும், பாதியில் சோர்ந்துவிடுவான். குழுவில் ஒவ்வொருவனும் தட்ட வேண்டியவை இருபது கதவுகளே. குழுவின் வலிமை இதுதான். ஸ்க்ரம் என்று அவர்கள் ஆட்டத்தில் ஒரு நிலை உண்டு. பக்கத்துக்கு எட்டுப் பேர் தோளோடு தோள் பிணைத்து, குனிந்து, ஒருசேரத் தள்ளுவார்கள். எட்டுப் பேரும் தனித்தனி நேரத்தில் தள்ளினால் ஒன்றும் நகராது. ஒரே மூச்சில் தள்ளினால் எதிரணி பின்வாங்கும். பணம் திரட்டுவதும் அத்தகையதே.

ஆண்டி ரிப்லி என்பவர் ஊதியமின்றி ரக்பி ஆடிய தலைமுறையைச் சேர்ந்தவர். லண்டனில் ராஸ்லின் பார்க் கழகத்துக்காக ஆடினார். 1972 முதல் 1976 வரை இங்கிலாந்துக்காக 24 ஆட்டங்கள் ஆடினார். 2005-ஆம் ஆண்டில் அவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. அவர் ஒளிந்துகொள்ளவில்லை. தம் நோயைப் பற்றி நூல் எழுதினார். அந்நோய்க்கான அறக்கட்டளையின் தூதுவராக விளங்கினார். 2010-ஆம் ஆண்டில் மறைந்தார். ஆடவர் பலரை மருத்துவரிடம் செல்லத் தூண்டிய குரல் அவருடையது.

வேல்ஸ் நாட்டில் ஜோனதன் டேவிஸ் என்பவரின் வரலாறு சற்று வேறானது. தம் நாட்டுக்காக அமெச்சூராக ஆடி வந்தவர், 1989-ஆம் ஆண்டில் ஊதியம் கொடுக்கும் வடபகுதி ஆட்டத்துக்குச் சென்றார். 1995-ஆம் ஆண்டில் திரும்பி வந்தார். 1997-ஆம் ஆண்டில் அவருடைய துணைவியார் புற்றுநோயால் மறைந்தார். பின்னாளில் டேவிஸ், கார்டிஃப் நகரின் வெலிண்டர் புற்றுநோய் மருத்துவமனைக்கு நிதி திரட்டும் அமைப்பின் தலைமைப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். ஊதியம் வாங்கிய கையும் ஈகைக்கு நீளும் என்பதற்கு அவரே சான்று. அமெச்சூர் என்பது சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாமை மட்டும் அன்று. இன்ன பணியை என் ஆதாயத்துக்காகச் செய்யமாட்டேன் என்று ஒருவன் தனக்குத்தானே வகுத்துக்கொள்ளும் எல்லையும் ஆகும்.

இனி, இந்தப் பணம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பிரிட்டனில் 1948-ஆம் ஆண்டு முதல் மருத்துவச் செலவை அரசாங்கமே ஏற்று வருகிறது. ஆகவே அங்கு அறக்கட்டளைப் பணம் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கும், நோயாளியின் குடும்பத்துக்கு வேண்டிய துணைக்கும் செல்கிறது. சில ஆயிரம் பவுனால் ஆராய்ச்சியில் என்ன ஆகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு விடை, நம் வானொலி நிலையம் போன்ற ஒரு நிலையத்தின் வாயிலாகவே ஒருமுறை கிடைத்தது.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவ அறிஞர் இருந்தார். அக்காலத்தில் குழந்தைகளுக்குக் கடுமையான இரத்தப் புற்றுநோய் கண்டால், சில வாரங்களிலோ சில மாதங்களிலோ முடிவு நேர்ந்துவிடும். ஃபார்பர் அமினோப்டெரின் என்னும் மருந்தைப் பதினாறு குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பத்துக் குழந்தைகளிடம் நோய் தணிந்தது. அது நிலையான குணம் அன்று. சில மாதங்களே நீடித்த தணிவு. ஆயினும் குழந்தைகளின் அக்கடுமையான இரத்தப் புற்றுநோயும் மருந்துக்குப் பணியும் என்பதை 1948-ஆம் ஆண்டில் உலகம் முதன்முறையாகக் கண்டது. அம்மருந்தை உருவாக்கிய ஆய்வகக் குழுவின் தலைவர் யார் தெரியுமா? பீமவரத்தில் பிறந்து, நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, கடல் கடந்து சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்கள். அதே 1948-ஆம் ஆண்டில் அவர் மறைந்துவிட்டார்.

அவ்வாண்டு மே மாதம் 22-ஆம் நாள் அமெரிக்க வானொலியில், ஃபார்பரிடம் மருத்துவம் பெற்றுவந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் பேசினான். அவன் உண்மைப் பெயரை வெளியிடாமல், ஜிம்மி என்றே அழைத்தார்கள். பாஸ்டன் நகரின் பேஸ்பால் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக அவன் படுக்கையருகே வந்து நின்றார்கள். கேட்டுக்கொண்டிருந்த மக்கள் தாமாகவே பணம் அனுப்பத் தொடங்கினர். எதிர்பார்த்தது 20,000 டாலர்; அவ்வாண்டில் திரண்டது 2,31,000 டாலருக்கு மேல். அந்த நிதி நாளடைவில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. மருந்துகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கொடுக்கும் முறைகளை அடுத்து வந்தவர்கள் பல நாடுகளில் கண்டறிந்தார்கள். வளர்ந்த நாடுகளில், குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் இரத்தப் புற்றுநோய் வகையில் இன்று பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கின்றனர். ஃபார்பரின் பதினாறு குழந்தைகளுக்குக் கிடைக்காத வாழ்வு, அவர்களுக்குப் பின்வந்த குழந்தைகளுக்குக் கிடைத்தது.

பின்னோக்கிக் கொடுத்த பந்து என்று நான் சொன்னது இதைத்தான். இதை முழுமையாக உணர்ந்த இளைஞர் ஒருவரின் வரலாற்றைச் சொல்கிறேன். கனடா நாட்டைச் சேர்ந்த டெரி ஃபாக்ஸ் 1958-ஆம் ஆண்டில் பிறந்தார். சிறுவயதில் ரக்பி, கால்பந்து, பேஸ்பால் யாவும் ஆடியவர். பின்னர்க் கூடைப்பந்தில் மனம் செலுத்தினார். உயரம் போதாது, திறமையும் தொடக்கத்தில் போதவில்லை. விடாப்பிடியான பயிற்சியினால் பல்கலைக் கழகக் குழுவில் இடம் பெற்றார். 1977-ஆம் ஆண்டில் எலும்புப் புற்றுநோய் கண்டு, அவருடைய வலக்கால் முழங்காலுக்கு மேல் அகற்றப்பட்டது. அப்போது மருத்துவர்கள் அவரிடம், பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பது என்றார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அது நூற்றுக்குப் பதினைந்தாகவே இருந்ததாம்.

அந்த இரு எண்களும் அந்த இளைஞரின் உள்ளத்தில் பதிந்தன. பதினைந்தை ஐம்பதாக்கியவர் எவரோ முகமறியாதவர். எங்கோ உழைத்தவர், எப்போதோ பணம் கொடுத்தவர். அவர்கள் கொடுத்த பந்து தம் கைக்கு வந்திருக்கிறது என்று அவர் உணர்ந்தார். அதைத் தம்மோடு வைத்துக்கொள்ள அவர் உள்ளம் இசையவில்லை. 1980-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள், கனடாவின் கீழ்க்கோடியில் உள்ள செயின்ட் ஜான்ஸ் நகரில், செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டு, மேற்கு நோக்கி ஓடத் தொடங்கினார். நாளுக்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டர். அதாவது நாள்தோறும் ஒரு மாரத்தான். தொடக்கத்தில் அவரைக் கவனித்தவர் சிலரே. பத்தாயிரம் பேர் வாழ்ந்த ஒரு துறைமுக ஊர் பத்தாயிரம் டாலருக்கு மேல் கொடுத்தது. கனடிய மக்கள் ஆளுக்கு ஒரு டாலர் தரவேண்டும் என்பது அவருடைய குறிக்கோளாயிற்று. இந்த ஓட்டத்தால் எவரும் தமக்கென ஆதாயம் தேடக்கூடாது என்று அவர் உறுதியாக இருந்தார்.

143 நாள்கள் ஓடினார். 5,373 கிலோமீட்டர் கடந்தார். செப்டம்பர் முதல் நாள், தண்டர் பே நகருக்கு அருகே நெஞ்சு வலித்தது. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. ஓட்டம் நின்றது. நாடு எழுந்தது. 1981-ஆம் ஆண்டு பிப்ரவரிக்குள் நிதி இரண்டு கோடியே நாற்பது இலட்சம் டாலரைத் தாண்டியது. அன்றைய கனடிய மக்கள்தொகைக்கு ஆளுக்கு ஒரு டாலர்! அவ்வாண்டு ஜூன் 28-ஆம் நாள், இருபத்துமூன்றாம் வயது நிறைவதற்கு ஒரு மாதம் இருக்கையில், டெரி ஃபாக்ஸ் மறைந்தார். அதே செப்டம்பரில் அவர் பெயரால் நடந்த முதல் ஓட்டத்தில் மூன்று இலட்சம் பேர் கலந்துகொண்டனர். அவ்வோட்டத்தில் வெற்றி தோல்வி இல்லை; பரிசும் இல்லை. பல நாடுகளில் அது தொடர்ந்து நடக்கிறது. சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்திலும் நடந்திருக்கிறது. இதுவரை திரண்ட தொகை எண்பது கோடிக் கனடிய டாலருக்கும் மேல். அவர் மேற்குக் கடலை எட்டவில்லை. ஆனால் பந்து தரையில் விழவில்லை.

மாணவ நண்பர்களே, இவற்றைக் கேட்டு நீங்களும் உண்டியல் ஏந்தப் புறப்படலாம். புறப்படுமுன் மூன்று செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும் என்று, நாற்பதாண்டுக் காலம் மாணவர் நடுவே வாழ்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலாவது, கணக்கு. நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில், கொடி நாளன்று மாணவர்கள் உண்டியலுடன் கடைத்தெருவுக்குச் செல்வதுண்டு. ஓராண்டு, எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், "ஐயா, இதில் எவ்வளவு சேர்ந்தது என்று காசு போட்டவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். மறுநாள் காலை, பள்ளி வாயிலில் இருந்த கரும்பலகையில், எந்த வகுப்பின் உண்டியலில் எவ்வளவு என்பதைப் பைசா வரையில் எழுதி வைக்கச் செய்தோம். தெருவில் செல்வோர் நின்று படித்தார்கள். அடுத்த ஆண்டு வசூல் கூடியது. மக்கள் கொடுக்க மறுப்பது பெரும்பாலும் கருமித்தனத்தால் அன்று. போய்ச் சேருமோ என்னும் ஐயத்தால். ஐயத்தை நீக்குவது கேட்பவன் கடமை.

இரண்டாவது, மானம். நோயாளியைக் காட்சிப் பொருளாக்கிக் காசு கேட்கலாகாது. பாஸ்டன் சிறுவனின் பெயரை மறைத்தார்களே, அந்த நாகரிகத்தை எண்ணிப் பாருங்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1998-ஆம் ஆண்டில், பேரப்பிள்ளைகள் கண்ட முதியவராக அவர் வெளிப்பட்டபோதுதான், அந்த ஜிம்மி யார் என்று உலகம் அறிந்தது. நம்மிடையே புற்றுநோய் என்றால் தொட்டால் ஒட்டும் என்று அஞ்சுவோர் இன்றும் உளர். அவ்வச்சம் ஆதாரமற்றது, அந்நோய் நோயாளியைத் தொடுவதாலோ உடன் உண்பதாலோ பரவுவதில்லை. அவருடன் அமர்ந்து உண்பதும் பேசுவதும் காசு கொடுப்பதைவிடக் குறைந்த உதவி அன்று.

மூன்றாவது, பொறுமை. ஆட்டத்தில் எண்பது நிமிடங்களில் முடிவு தெரிந்துவிடும். ஆராய்ச்சியில் அவ்வாறு தெரியாது. புற்றுநோய் என்பது ஒரே நோய் அன்று. உடலின் உயிரணுக்கள் வரம்பின்றிப் பெருகுவதால் உண்டாகும் பல நோய்களின் பொதுப்பெயர். ஒன்றில் வெற்றி கிட்டும். மற்றொன்றில் பல்லாண்டு காத்திருக்க வேண்டும். இதற்கிடையே, ஒரே வாரத்தில் குணமாக்குவேன் என்று வாக்களிக்கும் போலி மருந்துக்காரரும் வருவார்கள். பொறுமையற்றவர்களே அவர்கள் வலையில் விழுவார்கள். காலத்தில் மருத்துவரிடம் சென்றால் பலவகைப் புற்றுநோய்களைக் குணப்படுத்தலாம் என்பதை உங்கள் வீட்டுப் பெரியோர்க்கு எடுத்துச் சொல்லுங்கள். அதற்குக் காசு வேண்டுவதில்லை.

நாம் கொடுப்பதன் பயனை நாமே காண வேண்டும் என்று விரும்புவது மனித இயல்பு. ஆனால் உலகில் நிலைத்த நன்மைகளுள் பெரும்பாலானவை, பயனைக் காணாமலே கொடுத்தவர்களால் விளைந்தவை. சனிக்கிழமை மாலையில், சேறு படிந்த சட்டையுடன் உண்டியல் ஏந்தி நிற்கும் ஊர்க்குழு இளைஞனுக்கு, தான் வாங்கும் ஒரு பவுன் எந்த நோயாளியின் எந்த நாளை நீட்டிக்கும் என்று தெரியாது. தெரியாமலே ஏந்துகிறான். அந்த நோயாளி ஒருவேளை இன்னும் பிறவாதவனாகவும் இருக்கலாம்.

உங்கள் கையிலும் இப்போது ஒரு பந்து இருக்கிறது. நீங்கள் பெற்ற கல்வி, உடல்நலம், நேரம், நண்பர் குழு எல்லாம் உங்களுக்கு முன்னே ஓடியவர்கள் கொடுத்தவை. அதை மார்போடு அணைத்துக்கொண்டு தனியே ஓடினால் விரைவில் வீழ்த்தப்படுவீர்கள். உங்களுக்குப் பின்னே வருகிறவன் யார் என்று திரும்பிப் பாருங்கள். கொடுக்கும் வேளை வரும்போது தயங்காமல் கொடுங்கள். அவன் உங்களைக் கடந்து செல்லும்போது மகிழுங்கள்.